மாமா கடை மாவு

ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்து படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவில் மாமா கடைதான் கதி. கடைக்காரரை எல்லோரும் மாமா என்பார்கள். அவரும் வாசலில் கால் வைத்த பெண்ணை மருமகளே என்பார், பையனை மாப்பிள்ளை என்பார். முதல் நாளே வீட்டு நம்பரை வாங்கிக்கொள்வார். அப்பாவுக்குப் போன் போட்டு, "கவலையை விடுங்க மச்சான், நான் இருக்கேன்ல" என்பார். மச்சானும் உருகிப்போவார். இத்தனை உறவும் எதற்கென்று சின்னவளுக்கு வந்த மாதமே விளங்கிவிட்டது. மாமாவிடம் போய் யார் சண்டை போடுவார்கள்?

சின்னவள் என்பது அறைத்தோழிகள் அவளுக்கு வைத்த பெயர். அவர்களில் மூத்தவளான அக்கா, வந்த அன்றே கடைப் பாடம் எடுத்தாள். கடை மூடுகிற நேரத்தில் போனால் காய்கறி சல்லிசு. பசியோடு போகாதே, கண்டதையும் அள்ளுவாய். பையைக் கையோடு கொண்டு போ. கடைசியாகக் குரலைத் தாழ்த்தினாள். "மாமா கடையில விலை ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுப் பாக்காதே."

செய்யாதே என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் சின்னவளுக்குக் கை நிற்காது. ஒரு நாள் மாமா கடையில் வாங்கிய கோதுமை மாவைப் பிரித்தபோது வண்டு ஊர்ந்தது. ஸ்டிக்கரை உரித்தாள். அடியிலிருந்த காலாவதித் தேதிக்குத் திவசமே கொடுத்திருக்கலாம்.

"சலிச்சுட்டா ஆச்சு," என்றாள் அக்கா. "நாங்கல்லாம் அப்படித்தான் தின்னோம். இங்க நமக்குன்னு அவர் ஒருத்தர்தான் இருக்காரு."

"நீங்க சலிச்சுத் தின்னதாலதான் அவரு இப்படி விக்கிறாரு," என்று பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் சின்னவள். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே பயம்தான். மாமா பார்த்துக்கொள்வார் என்ற ஒரே தைரியத்தில் அப்பா அவளை அனுப்பியிருந்தார். மாமாவிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் படிப்புக்கு முழுக்கு என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். இருந்தும் அவள் நடையைக் குறைக்கவில்லை.

மாமா பாக்கெட்டைப் பார்க்கக்கூட இல்லை. "ஒரு சல்லடை வெச்சுக்கோ மருமகளே. வெளிநாட்டுல இதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"சரி மாமா," என்றாள். அவர் கடை அலமாரியிலிருந்தே ஒரு சல்லடையை எடுத்தாள். கல்லாவுக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நிதானமாகச் சலித்தாள். மாவு மேஜைமேல் குவிந்தது. சல்லடையில் தங்கியதை அதன் பக்கத்தில் கவிழ்த்தாள். வண்டுகள் பில் மெஷின் பக்கம் நடக்க ஆரம்பித்தன.

"நீங்க சொன்னபடி சலிச்சாச்சு. மாவு எனக்கு. இது யாருக்கு மாமா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் கடுகடுத்தது. போனை எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். "மச்சான், உங்க பொண்ணு கடையில வந்து மானத்தை வாங்குறா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னவள் உதறினாள்.

"என்னம்மா இது?" அப்பாவின் குரல். "வெளிநாட்டுல நமக்கு வேற யாரு இருக்கா? மாமா மனசு நோகும்படி நடக்காதே. பொறுத்துப் போ."

சின்னவள் போன் பக்கம் குனிந்தாள். அழுதால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தது.

"மாமாவா? அம்மாவோட கூடப் பிறந்தவங்க எனக்கு வண்டு விழுந்த மாவைத் தருவாங்களாப்பா? தேதியை மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு இத நான் தின்ன மாட்டேன். திரும்பி வான்னு சொன்னீங்கன்னா வரேன். ஆனா மாவை மாத்தாம இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்."

மாமா மேஜையைத் துடைக்கிற சாக்கில் வண்டுகளைத் தள்ளிவிட்டார். "கேட்டீங்களா மச்சான், வாயை?"

"கேட்டேன்," என்றார் அப்பா. "கடைக்காரரே, அவ கேக்கறதைக் குடுங்க."