மீன் வராத அறை

உப்பு ஏரியில் மீன் பிழைக்காது. அதனால்தான் நகத்தளவு உப்பு இறால் அங்கே கோடிக்கணக்கில் கும்மாளம் போடுகிறது. அந்த இறாலைத் தொட்டியில் வளர்த்து, தினம் ஒரு ஸ்பூன் உப்பு கூட்டிப் பழக்குவதுதான் ஆய்வகத்தில் என் வேலை. என்னைத் தின்ன வந்த மீன் எங்கள் இயக்குநர். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்று உயிரை எடுப்பார்.

யோசித்தேன். தொட்டி கழுவுவதை நிறுத்தினேன். மூன்றே நாளில் நாற்றம் குடலைப் புரட்டியது. எட்டிப் பார்த்த இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். எனக்கும் குமட்டியதுதான், ஆனாலும் என்ன நிம்மதி!

மறுநாள் வாசலில் அரை நிமிஷம் நின்றார். அதற்கடுத்த நாள் ஒரு நிமிஷம். சரி, பாவம், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் டீ கோப்பையுமாக உள்ளே வந்து, என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாத்தம் அடிக்கலையா சார்?"

"நீங்கதானேம்மா அறிக்கையில எழுதினீங்க? தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா எல்லாம் பழகிடும்னு." டீயை ரசித்து உறிஞ்சினார். "அது கெடக்கட்டும், முடிஞ்சுதா?"