கொரின் திருத்திய பக்கம்

என் அக்கா கொரினுக்குத் தெரியாமல் அவளுக்கு உதவுவது என்று முடிவு செய்தபோதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் எங்கள் டுலூத் ஊரில் பனிகூடப் பெய்யாது.

அவளுக்குத் தசை நோய்; கையைத் தூக்க முடியாது, விரல்கள் மட்டும் ஓடும். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் தினமும் ஏரிக்கரைக்குப் போய்வருவாள்; அது ஜனவரியில் நின்றுபோனதிலிருந்து படுக்கையும் ஜன்னலும்தான். புதிது தர இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான். வீட்டுக்குள் நடமாட அது அவசியமில்லையாம். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மேல்முறையீட்டுக்கு அதுவே வேண்டும் என்றார்கள். செலோடேப் போட்டு ஒட்டி அனுப்பினேன்; அதற்கும் பலனில்லை.

"இணையத்துல நாலு பேர்கிட்ட கேட்டுப் பாப்போமாக்கா?" என்றேன்.

"என் மூஞ்சியப் போட்டுப் பிச்சை எடுத்தேன்னு வையி, வெண்டல், உன் கையில இருக்கிற வீட்டுச் சாவியப் பிடுங்கிடுவேன்."

வழி சொன்னவன் அவளுடைய சிநேகிதன் ஓட்டிஸ். காகிதமும் பகடையும் வைத்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளை எழுதி இணையத்தில் விற்பவன். அந்த மாதிரி ஆட்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைப் பன்னிரண்டு வருடமாகக் கொரின்தான் பிழை திருத்துகிறாள், பாதிப் பேருக்குச் சும்மாவே.

"ஆளுக்கொரு விளையாட்டு தர்றோம். எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி, பத்து டாலர்னு ரெண்டு வாரம் விக்கலாம். வர்றதெல்லாம் நாற்காலிக்கு," என்றான் ஓட்டிஸ்.

"அவ சம்மதிக்கவே மாட்டா."

"கட்டு தயாராகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அறுபது பேர் குடுத்தப்புறம் எப்படி மாட்டேன்னு சொல்லுவா?"

அறுபத்துமூன்று பேர் கொடுத்தார்கள். யாருக்காக, எதற்காக என்று விற்பனைப் பக்கத்தின் தலையில் எழுதுவது மட்டும் என் பொறுப்பு. நான் பஸ் டிப்போ மெக்கானிக். பிறந்தநாள் அட்டையில் கையெழுத்துக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி, பிழை பார்க்கச் சொல்லி ஓட்டிஸுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை கொரினிடமிருந்து போன் வந்தது. "வெண்டல். கிளம்பி வா."

பாழாய்ப்போன ஓட்டிஸ்! எதை எழுதினாலும் கொரினுக்கு அனுப்பித்தான் அவனுக்குப் பழக்கம். இதையும் அப்படியே அனுப்பிவிட்டான்.

அவள் வயிற்றின் மேல் மடிக்கணினி இருந்தது. திரையெல்லாம் சிவப்புத் திருத்தங்கள்.

"'நோயோடு வீரமாகப் போராடும்.' யாருடா அது? நான் படுத்துக்கிட்டு சமையல் நிகழ்ச்சி பாத்துட்டிருக்கேன். 'புன்னகை மாறாத' வேற! நீ என்னப் பாத்ததே இல்லையா?"

'அவள்' என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'நான்' என்று போட்டிருந்தாள்.

"நிறுத்திடச் சொல்லவாக்கா?" என்றேன். இதுவும் போனால் வேறு வழியே இல்லை.

அவள் விளையாட்டு கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். "இந்த மார்கோவுக்கு ஒரு காற்புள்ளி ஒழுங்கா வைக்கத் தெரியாது. எத்தனை தடவை திட்டியிருக்கேன்! அவளும் குடுத்திருக்கா." குரல் உடைந்தது. "மூக்கத் தொடச்சு விடுடா."

துடைத்துவிட்டேன்.

"அஞ்சு மாசமா ஏரியப் பாக்கல. சரி, போடுங்க. ஆனா நான் திருத்தினபடிதான்."

"சரிக்கா."

"இன்னும் ஒண்ணு. இதுல ஒரு வரி பொய்யி. 'பழசானதால் நாற்காலி தானாகவே நின்றுவிட்டது.'"

எனக்குக் காது சுட்டது. நாற்காலியைப் பழுது பார்க்கும்போது பேட்டரி ஒயரை நான்தான் மாற்றி இணைத்து உள்ளே இருந்த போர்டைக் கருக்கினேன். அன்றைக்கு அவளிடம் பழசாகிவிட்டது என்று சொன்னவன், அதையே ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கருகின நாத்தம் வந்துச்சு," என்றாள். "எனக்குக் கையும் காலும்தான் மக்கர் பண்ணுது. மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"நான்தான்கா எரிச்சேன். மன்னிச்சிரு."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அத ஏன் ஊருக்குச் சொல்லணும்? என்ன போட்டிருக்கேன்னு படி."

என் வரியை அடித்துவிட்டு மேலே சிவப்பில் எழுதியிருந்தாள்: 'அந்தப் பழைய நாற்காலியை என் தம்பி ஒன்பது வருடம் ஓட வைத்தான்.'

"பிழை இருந்தாச் சொல்லு," என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.