யாருக்காக விட்டது

தச்சர் குடியை விட்டது மகளுக்காக. பள்ளிக்கூட வாசலில் தள்ளாடி நின்ற அப்பாவைப் பார்த்து அவள் தலைகுனிந்த அன்றே விட்டார். அவள் படித்து முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்வரை ஒரு சொட்டுகூடத் தொடவில்லை.

அவள் போன சில வாரங்களிலேயே, மரத்தூள் வாசனையோடு பழைய நாற்றமும் வீட்டுக்குள் வந்தது. மனைவி அவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"புள்ள பார்க்கக் கூடாதுன்னுதான் விட்டேன். இப்ப யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஒரு தடவையாவது இந்த மனுஷன் எனக்காக விடட்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். மகள் போனில் விசாரிக்கும்போதெல்லாம், "அப்பாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு" என்று சிரித்து மழுப்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள், போதையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவரின் வலது கை விரல்களைப் பட்டறை ரம்பம் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மகள், டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

சொல்லாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. அது பெற்ற மகளிடம் சொல்லக்கூடிய காரணமாக இல்லை. மருந்துச் சீட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டே நின்றாள்.