வெர்னன் விழுந்த ஞாயிறு

ஹார்லன் ப்ரூவிட்டின் முகத்தை அமெரிக்காவில் தெரியாதவர்கள் குறைவு. பெயரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பர்பாங்க்கில் காய்கறி வாங்கப் போனால் யாராவது ஒருவர் வழிமறிப்பார். "ஃப்ரெஸ்னோல எங்க பேங்க்ல மேனேஜரா இருந்தீங்கல்ல?" என்பார். இல்லை என்றால், "அப்ப எங்க மாமனார் அடக்கத்துக்கு வந்த பாதிரியார் நீங்கதானே?" என்பார். ஹார்லனும் சிரித்துக்கொண்டே, "அதுவாத்தான் இருக்கும்" என்று நகர்ந்துவிடுவார்.

ஹாலிவுட்டில் அவருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் படத்தில் பிணம். குதிரைக்காரர்கள் சுட்டுப் போட்டுவிட்டுப் போன பிணமாக மதிய வெயிலில் கிடந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. அதைப் பார்த்த டைரக்டர் அடுத்த படத்தில் ஒரு வரி வசனம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஷெரீப், நீதிபதி, கப்பல் கேப்டன், கைதேர்ந்த கள்ளன், ரப்பர் முகமூடிக்குள் வேர்த்து வழிந்த வேற்றுக்கிரகவாசி, கதாநாயகனின் அப்பா, பிறகு கதாநாயகனின் தாத்தா. கதாநாயகனாக ஒருமுறைகூட இல்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. "ஹீரோவுக்கு ஒரே மூஞ்சி. எனக்கு ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம்" என்பார்.

அது வெறும் பேச்சில்லை. மருந்துக்கடைக்காரரின் இருமலை எடுத்து ஒரு நீதிபதிக்குக் கொடுத்தார். தன் விவாகரத்தை நடத்திய வக்கீல் கண்ணாடி துடைக்கும் விதத்தை ஒரு கொலைகாரனுக்குக் கொடுத்தார். எண்ணெய்க் கிணற்றில் உழைத்து முதுகு வளைந்த அப்பாவின் நடை மட்டும் நான்கைந்து படங்களில் வந்தது. அண்ணன் வெர்னன் அதைக் கண்டுபிடித்துக் கேலி செய்வார். "பாருங்கடா, அப்பன் நடையை வித்துச் சாப்பிடறான்."

வெர்னனும் அப்பாவைப் போலவே பேக்கர்ஸ்ஃபீல்டில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். தம்பியின் முதல் படம் ஊர் தியேட்டருக்கு வந்தபோது, திரையில் பிணம் தெரிந்த உடனே எழுந்து நின்று, "அந்தப் பொணம் என் தம்பி!" என்று கத்தியவர். தியேட்டர்காரர்கள் வெளியே போகச் சொன்னார்கள். வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாராம்.

அந்த வெர்னனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ மிஞ்சியது. 'புதன்கிழமை.' தண்ணீர் வேண்டுமென்றாலும் புதன்கிழமை, கோபம் வந்தாலும் புதன்கிழமை. சொல்கிற தொனியை வைத்து மனைவி ஓபல் புரிந்துகொள்வாள். "எங்க வீட்டுல ஏழு நாளும் புதன்கிழமைதான்" என்று அவள் சொல்லும்போது வெர்னனே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

ஹார்லன் ஞாயிறுதோறும் மலைச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனார். அவர் வந்ததும் ஓபல் தேவாலயத்துக்குக் கிளம்புவாள், அப்படியே கடைக்கும் போய்விட்டு வருவாள். வாரத்தில் அவளுக்கு மூச்சுவிடக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். "நீ வரலைன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும், ஹார்லன்" என்பாள்.

ஆரம்பத்தில் அது அண்ணனுக்காகப் போனதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வசந்தத்தில் அவருடைய ஏஜென்ட் மிரியம் போன் செய்தாள். "ஒரு ரிட்டயர்டான ரயில் டிரைவர் வேஷம். பக்கவாதம் வந்த மனுஷன். படம் முழுக்க நீதான். இந்த வயசுல இப்படி ஒண்ணு வராது. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே."

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் கரண்டியைப் பிடிப்பதைப் பார்த்தபோது, தான் பார்க்கும் விதம் மாறிவிட்டதை ஹார்லன் உணர்ந்தார். கட்டைவிரல் எங்கே இருக்கிறது, தோள் எப்போது உயர்கிறது, உதட்டின் ஓரம் ஈரமானதை நாக்கு எப்போது கண்டுகொள்கிறது என்று கண் தானாகவே குறித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் சிக்னலில் நின்றபோது காரின் கண்ணாடியில் தன் வாயைக் கோணவிட்டுப் பார்த்தார். பக்கத்துக் காரிலிருந்த பெண் பயந்துபோய், "உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த சிக்னலில் மறுபடியும் செய்து பார்த்தார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. ஓபல் வெளியே போயிருந்தாள். ஹார்லன் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார். படுக்கையறையில் ஏதோ தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. ஓடினார். கதவு வரைக்கும் ஓடினார்.

வெர்னன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே குப்புற விழுந்து கிடந்தார். முகம் அந்தப் பக்கம் இருந்தது. தம்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. சட்டை மேலே ஏறி வெளுத்த முதுகு தெரிந்தது. எழுந்திருக்கப் பார்ப்பார் என்று ஹார்லன் நினைத்தார். ஆனால் வெர்னன் முதலில் எழ முயலவில்லை. நல்ல கையைப் பின்னால் கொண்டுவந்து, தட்டுத்தடுமாறி, அந்தச் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். ஒருமுறை நழுவியது. மறுபடியும் இழுத்தார். முதுகு மூடிய பிறகுதான் அந்தக் கை அலமாரியின் காலைத் தேடிப் போயிற்று. சத்தமே இல்லை. மூக்கால் விடுகிற மூச்சு மட்டும்.

ஹார்லன் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கால் நகரவில்லை. இதை எந்தக் கதாசிரியனும் எழுத முடியாது என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கை மூன்றாவது முறையும் வழுக்கி, நெற்றி தரையில் மெல்ல இடித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டதுபோல உள்ளே பாய்ந்தார்.

ஓபல் வந்தபோது அண்ணனும் தம்பியும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "சத்தம் கேட்டதும் ஓடி வந்துட்டேன்" என்றார் ஹார்லன். ஓபல் அவர் தலையைத் தடவி, "நல்ல வேளை நீ இருந்தே" என்றாள்.

படப்பிடிப்பு தொடங்கியது. அந்த ரயில் டிரைவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை 'டிசம்பர்' என்று வைத்துக்கொள்ளலாம் என ஹார்லன் யோசனை சொன்னார். இளம் டைரக்டர் நாடின் துள்ளிக் குதித்தாள். புதன்கிழமையை மாற்றிவிட்டதால் அண்ணனுடையதைத் தொடவில்லை என்று ஹார்லன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். விழுகிற காட்சி வந்தபோது, "காமெரா கதவுகிட்ட இருக்கட்டும், முதுகுப் பக்கம்" என்றார்.

"உங்க மூஞ்சியே தெரியாதே?"

"தெரிய வேண்டாம்."

ஒரே டேக். விழுந்தார், சட்டையை இழுத்து விட்டார், நழுவவிட்டார், மறுபடியும் இழுத்தார். மேக்கப் போடும் பெண் வெளியே போய் அழுதாள். "ஹார்லன், இது எங்கேருந்து வந்துச்சு?" என்று நாடின் கேட்டாள். "எங்கேருந்தோ வந்துச்சு" என்றார். அன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வேஷத்தைக் கலைக்காமல் தன் கேரவனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் அந்த ஒரு காட்சியைப் பற்றியே எழுதினார்கள். விருதுப் பட்டியலில் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பெயர் வந்தது. மிரியம் போனில் சிரித்துக்கொண்டே அழுதாள். எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஒரு டாக்டர்கிட்ட பேசினேன், கொஞ்சம் புத்தகம் படிச்சேன்" என்றார் ஹார்லன்.

அண்ணன் வீட்டில் படத்தைக் காட்டாமல் பல வாரம் சாக்குச் சொல்லிப் பார்த்தார். ஊரே பேசும்போது எத்தனை நாள் தள்ளிப்போட முடியும்? வெர்னன் டிவியைக் கையால் தட்டி, "புதன்கிழமை! புதன்கிழமை!" என்று அடம்பிடித்தார். ஒரு ஞாயிறு மதியம், ஓபல் அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்ட பிறகு மூவரும் பார்க்க உட்கார்ந்தார்கள்.

ஹார்லன் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி பிடிக்கும் காட்சி வந்தது. வெர்னன் தன் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எட்டி உதைக்கப் போகிறார் என்று ஹார்லன் காத்திருந்தார். வெர்னனோ முகமெல்லாம் மலர்ந்து தன் மார்பைத் தட்டிக் காட்டி, ஓபலிடம், "புதன்கிழமை!" என்றார். அந்த மனுஷன் நான், பார்த்தாயா, என்று அதற்கு அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் ஓபல் தேவைப்படவில்லை.

விழுகிற காட்சியில் அந்தக் கை சட்டையைக் கீழே இழுத்ததும் ஓபல் எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். படம் முடிந்ததும் ஹார்லன் அவள் பின்னால் போனார். தண்ணீர்க் குழாய் திறந்தபடி இருந்தது. பாத்திரம் எதையும் அவள் கழுவவில்லை.

"அன்னிக்கு ஓடி வந்தேன்னு சொன்னே."

"ஆமா. ஓடித்தான் வந்தேன்."

"ஹார்லன், எங்கிட்ட நடிக்காதே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் வீட்டுல இருக்கும்போது விழுந்தா அவன் ஊரைக் கூட்டுவான். திட்டுவான், எதையாவது தூக்கி எறிவான். யாருமில்லைன்னு நினைச்சாத்தான் இப்படி. வாயைத் திறக்காம, முதல்ல சட்டையை இழுத்து விட்டுக்குவான். நான் ஒரு தடவை துணி காயப்போட்டுட்டு வரும்போது ஜன்னல் வழியா பாத்தேன். உள்ள ஓடி வர்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு. அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹார்லன் திறந்திருந்த குழாயை மூடினார்.

"காமெரா கதவுகிட்ட நிக்குது. அங்கதான் நின்னியா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை, ஓபல். நிஜமாவே தெரியலை."

"உனக்கு வேண்டியது கெடைக்கிற வரைக்கும். அதானே?"

எத்தனையோ படங்களில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். முழங்காலிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்குக் கயிற்றுக்கு அடியில் நின்றுகூட. இப்போது எந்தக் குரலில் கேட்டாலும் அது அவற்றில் ஒன்றாகவே இருக்கும் என்று தோன்றியது. "மன்னிச்சிடு" என்றார். அது மோசமாகத்தான் வந்தது.

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?"

"அப்ப அவன்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னேன்னா, அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்காதே." ஈரக் கையால் கூடத்தைக் காட்டினாள். அங்கே வெர்னன் இடது கையால் ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் காட்சியைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "தன்கிட்டயும் குடுக்கறதுக்கு ஏதோ இருந்திருக்குன்னு சந்தோஷமா உக்காந்திருக்கான் பாரு. உன் மனசு லேசாகணும்னு அதையும் பிடுங்கிட்டுப் போகாதே. நீ எப்பவும்போல வா. ஆனா இனிமே உங்கிட்ட அவனை விட்டுட்டு நான் வெளியே போகமாட்டேன்."

விருது விழாவில் வேறொருவர் பெயரை வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த மிரியம் அவர் கையை அழுத்திப் பிடித்தாள். அவர் முகம் தோற்றவனுக்குரிய பெருந்தன்மையோடு சிரித்தது. உள்ளுக்குள் உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. மேடையேறியிருந்தால் அண்ணனின் பெயரைச் சொல்லியிருப்பார், அரங்கமே கைதட்டியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு எந்த முகத்தோடு போவது?

அடுத்த ஞாயிறு போனபோது வெர்னன் விருது கொடுத்தவர்களை வாய்நிறைய, அதாவது ஒரே வார்த்தையால், திட்டித் தீர்த்தார். ஓபல் தேவாலயத்துக்கான உடையில் இல்லை. வீட்டுச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

திட்டி முடித்ததும் வெர்னன் தம்பியின் கையைத் தட்டிக் கூப்பிட்டார். தன் வலது காலைக் காட்டினார். பிறகு தாழ்வாரத்துக்குப் போகும் ஒற்றைப் படியைக் காட்டினார். தடியை ஊன்றி எழுந்தார். ஹார்லன் தாங்கப் போனபோது கையை உதறிவிட்டார். "புதன்கிழமை" என்றார் மெதுவாக, பாடம் நடத்துகிறவர் போல. பார், இதை நீ இன்னும் எடுக்கவில்லை, கவனமாகப் பார்.

வெர்னன் இடுப்பை ஒருபக்கம் தூக்கி, செத்த காலைச் சுழற்றி, படியில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி, பார்த்தாயா என்பதுபோல நின்றார். மூச்சு வாங்கியது. மறுபடியும் இறங்கி, இன்னொருமுறை செய்து காட்டினார்.

ஓபலின் ஊசிகள் நின்றிருந்தன. அவள் வெர்னனைப் பார்க்கவில்லை. ஹார்லனின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டால் அண்ணனுக்கு வலிக்கும். ஹார்லன் திருப்பிக்கொள்ளவில்லை. இடுப்பு எப்படி உயர்கிறது, கால் எந்த வட்டத்தில் வருகிறது, வைத்தவுடன் தாடை எப்படி இறுகுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன் வெர்ன்" என்றார். "நல்லா பாத்துட்டேன். உக்காரு."