ஊமைக் கதிர்க்குருவி

பறவைச் சங்கத்தில் அவருக்குப் பாதரசம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அவருக்குத் தெரியும். சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் ஜன்னலுக்குப் போவார். "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டே பொறந்த மனுஷன்" என்பாள் மனைவி.

பிழைப்புக்குப் பொய்ப்பல் செய்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பல்வரிசை வார்த்து, சுழலும் சின்ன மோட்டார் முனையில் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துச் சரிசெய்யும் வேலை. முப்பத்தோரு வருஷமாக அந்த மோட்டார் அவர் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் போவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாக, நகரின் குடிநீர்த் தேக்கத்தைச் சுற்றியிருக்கும் மரங்களுக்கிடையே தொலைநோக்கியோடு போய் நிற்பார். அங்கேதான் அவருடைய குருவி இருந்தது.

இலைக்கதிர்க்குருவி கட்டைவிரலைவிடச் சற்றே பெரிய பறவை. மங்கிய பச்சை முதுகு, அழுக்கு வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே புருவம்போல ஒரு வெளிர்கோடு. குளிர்ப்பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும். அவ்வளவு தூரம் வந்த அலுப்புகூட இல்லாமல் இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும். தொலைநோக்கியை அதன்மேல் நிறுத்துவதற்குள் அது வேறு கிளைக்குப் போயிருக்கும். இதில் எத்தனையோ வகைகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல. பிரித்தறிவது பெரும்பாலும் குரலை வைத்துத்தான்.

அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். தேக்கத்துக்கு இரண்டு கூட்டமாகக் குருவிகள் வந்தன. முதலில் வரும் பச்சைத்தலைகள் "ச்சிவீ, ச்சிவீ" என்று கூப்பிட்டபடியே பூச்சி பிடிக்கும். மூன்று வாரம் கழித்து வருபவற்றுக்குத் தலை கொஞ்சம் சாம்பல் நிறம். அவை வாயே திறப்பதில்லை. ஏழு வருஷத்தில் நானூற்றுப் பதினாறு தடவை பார்த்து எழுதியிருந்தார். பதிவேட்டில் 'குரல்' என்ற கட்டத்தில் நானூற்றுப் பதினாறு சிறுகோடுகள். இது தனி இனம் என்று கட்டுரை எழுதி, ஊமைக் கதிர்க்குருவி என்று பெயரும் வைத்தார். சங்கத்தின் இதழில் அது வந்தது. பறவைப் பட்டியலைத் திருத்தும் குழு அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை, குழுவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் மைக்கோடு நேரில் வருவதாக ஏற்பாடு. இளம்பெண். "ஊமைங்கறதையும் பதிவு பண்ணித்தானே ஆகணும் சார்" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மனைவிக்குக் காய்ச்சல். அவள் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். இருபது வருஷமாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊராரின் வசவுகளைக் காதில் வாங்கி, அதிலிருந்து தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். அன்று விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். அவர் தெர்மாமீட்டரை அவள் அக்குளில் செருகிவிட்டுக் கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"எவ்ளோ நேரம்தான் வச்சிருக்கறது? எடுங்க."

"சத்தம் வரட்டும்."

"வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"வரலியே."

அவளே எடுத்துப் பார்த்தாள். "நூத்தி ஒண்ணு. அந்தக் கத்து கத்திச்சு, கேக்கலையா உங்களுக்கு?"

அவர் அதை வாங்கிப் பொத்தானை அழுத்திக் காதோரம் பிடித்தார். எண்கள் ஒளிர்ந்தன. சத்தம் இல்லை.

"இப்ப அடிச்சுதா?"

"அடிச்சுது."

அணைத்து மறுபடி அழுத்தினார். "இப்ப?"

"அடிச்சுதுங்க. காய்ச்சக்காரிகிட்ட என்ன விளையாட்டு இது?"

மூன்றாவது தடவை அழுத்தியபோது அவர் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தார். அவள் புருவம் சுளித்ததிலிருந்து அடித்துவிட்டது என்று தெரிந்தது.

அன்று பட்டறையில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காது மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவரை ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு கோடு மேலே சமமாகப் போய், பாதி தாண்டியதும் செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது.

"பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். உச்சத்துல இருக்கற சத்தம்தான் போயிருக்கு" என்றார் மருத்துவர். "பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் சொன்னார். மருத்துவர் தலையாட்டினார்.

வியாழக்கிழமை மனைவிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. விடிந்ததும் அவர் அவள் கட்டிலருகே நின்றார்.

"என்கூட தேக்கம் வரைக்கும் வர முடியுமா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் கூப்பிட்டதில்ல. இன்னிக்கென்ன திடீர்க் கரிசனம்?"

"உன் காது வேணும்."

அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். தேக்கத்தின் கரையில் சிமென்ட் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தான் காட்டும் கிளையிலிருந்து சத்தம் வந்தால் தன் கையில் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

முதலில் ஒரு பச்சைத்தலைக் குருவி கிடைத்தது. ச்சிவீ என்றது. அவருக்குக் கேட்டது, அதே நொடி அவள் விரலும் தட்டியது. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கால் மணி நேரம் கழித்துத் தாழ்ந்த கிளையில் ஒரு சாம்பல்தலை வந்து தாவியது. "அதோ" என்றார். தொலைநோக்கிக்குள் அதன் அலகு லேசாகத் திறந்து மூடியது. ஏழு வருஷமாக அவர் அதைப் பார்த்திருக்கிறார். பூச்சியை விழுங்குகிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார்.

அவள் தட்டினாள். அலகு திறந்தது, மறுபடி தட்டினாள். குருவி கிளை மாறியது, தட்டினாள், தட்டினாள்.

"இது நிறுத்தவே மாட்டேங்குதுங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "எங்க ஆபீஸ்லகூட எவனும் இவ்ளோ பேசினதில்ல."

"எப்படியிருக்கு சத்தம்?"

"ஊசியால கண்ணாடியக் கீறுற மாதிரி. மெல்லிசா. ஆனா நல்லாக் கேக்குது."

அவர் எழுந்து மரத்தைச் சுற்றி வந்தார். இன்னொரு தடவை சுற்றினார். அவள், "பூனை கண்ண மூடிக்கிட்டா..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பட்டறைக்கு வந்ததும் சங்கத்தின் செயலாளருக்கு ஃபோன் செய்தார். செயலாளர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள். "சாம்பல்தலைக் கூட்டம் கிளம்பிடுச்சும்மா. இந்த வருஷம் சீக்கிரமே. சனிக்கிழமை அந்தப் பொண்ணு வந்தா வீண் அலைச்சல். எல்லாத்தையும் அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னு சொல்லிடுங்க" என்றார். பொய் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தார். நடுங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் செயலாளரே திரும்பக் கூப்பிட்டார். "பேசிட்டேன். நேர்ல வந்து கேக்காட்டியும் பரவாயில்லையாம். ஏழு வருஷப் பதிவு, நானூறு தடவைக்கு மேல பாத்திருக்காரு, அதுவே போதும்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை ஓட்டுக்கு வருது. இனிமே யாராலயும் தடுக்க முடியாது. இனிப்போட வாங்க!"

தள்ளிப்போடத்தான் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். அது காரியத்தை முடித்தே வைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தார். மூன்றாம் நடையில் மனைவி வழிமறித்து விஷயத்தை வாங்கிவிட்டாள். நியாயம் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பேசாம இருங்க. யாருக்குத் தெரியப்போகுது? அந்தக் குருவி வந்து புகார் குடுக்கப்போகுதா? குடுத்தாலும் நான்தானே எடுக்கணும்."

"அடுத்த வருஷம் எவனாவது மைக்கோட வருவான்."

"வரட்டும். அப்பப் பாத்துக்கலாம். நாப்பது பேரு முன்னாடி நீங்க போய், எனக்குக் காது கேக்கல, அதான் குருவிக்கு வாயில்லன்னு எழுதிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்கங்க. எனக்கு அது தாங்காது."

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் சரி என்றார். சாப்பிட்டார். படுத்தார். காலையில் தேக்கத்துக்குப் போகாமல் நேரே கடைவீதிக்குப் போனார்.

கண்ணாடிக்கடையில் செயலாளர் ஒரு கிழவருக்குச் சட்டத்தை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் சுழலும் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிழவர் போனதும், "குருவி போகல" என்றார்.

"என்ன?"

"குருவி அங்கதான் இருக்கு. வாய் ஓயாமக் கத்துது. எனக்குத்தான் கேக்கல." மருத்துவர் கொடுத்த தாளை மேஜைமேல் விரித்தார். "இந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம் என்ன கத்தினாலும் எனக்கு ஊமைதான். நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

செயலாளர் தாளைப் பார்த்தார். கோபத்திலும் அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. "அந்த இதழுக்கு முன்னுரை எழுதினது நான். சங்கத்தோட பேரு அதுல இருக்கு. நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

செயலாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "எனக்குக் கேட்டிருக்கு" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்களோட வந்தப்ப, அந்த மரத்துலேர்ந்து ஊசி மாதிரி ஒரு சத்தம். நீங்க ஊமைன்னு சொல்லிட்டீங்க. அதனால ஏதோ பூச்சின்னு நினைச்சுக்கிட்டேன். கேக்கணும்னுகூடத் தோணல."

செயலாளரே எண்ணை அழுத்தி ஃபோனை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

அவர் ஆராய்ச்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார், பொய் உட்பட. மறுமுனையில் அமைதி. அவள் பேசாமலிருக்கிறாளா, பேசுவது தனக்குக் கேட்கவில்லையா என்று ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை.

"சார்," என்றாள் கடைசியில், "குருவி இன்னும் இருக்குன்னா, நாளைக்கு நான் வரேன். ஓட்ட நிறுத்திடலாம்."

சனிக்கிழமை காலையில் நால்வரும் தேக்கக்கரையில் இருந்தார்கள். மனைவியிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். அவள் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சிப் பெண் நீண்ட மைக்கைக் கிளையை நோக்கிப் பிடித்தாள். "இன்னொரு ஹெட்ஃபோன் இருந்தாக் குடும்மா, எனக்கு அது பழக்கம்தான்" என்று மனைவி வாங்கி மாட்டிக்கொண்டாள். மடிக்கணினித் திரையில் சத்தங்கள், சுருதி கூடக் கூட மேலே மேலேயாக, கீறல்களாக விழுந்தன. பச்சைத்தலைக் குருவியின் கீறல் திரையின் நடுவில் விழுந்தது. சாம்பல்தலையினுடையது ஏறக்குறைய உச்சியில். அவர் நடுவே விரலை வைத்து, "எனக்கு இதுவரைக்கும்தான்" என்றார்.

பிறகு அடக்க முடியாமல் கேட்டார். "ஊமை இல்லதான். ஆனா ரெண்டும் வேற வேற குரல்தானே? அப்ப ரெண்டும் வேற இனம்தானே?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம் சார். இந்த வருஷத்துக் குஞ்சுங்க சில வகைல பெருசுங்க மாதிரி கத்தாது. சாம்பல் தலையும் வயசுனால வரலாம். இறகு எடுத்து மரபணு பாக்கணும். குஞ்சு பொரிக்கற இடத்துக்குப் போய்ப் பாட்டைப் பதிவு பண்ணணும். மூணு வருஷமாவது ஆகும்." அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, "ரெண்டு கூட்டம் வருதுங்கறத யாரும் கவனிக்கல. நீங்க கவனிச்சீங்க. அத நான் எழுதுவேன்" என்றாள்.

அடுத்த இதழில் அவருடைய திருத்தம் வந்தது. நாலே வரி. "சாம்பல்தலைக் குருவி குரல் எழுப்புகிறது. அதைக் கேட்கும் சக்தி எனக்கு இல்லை என்பதை இப்போதுதான் அறிந்தேன். 'குரல் இல்லை' என்ற நானூற்றுப் பதினாறு பதிவுகளையும் திரும்பப் பெறுகிறேன். நான் வைத்த பெயரை யாரும் பயன்படுத்த வேண்டாம்." கூட்டத்தில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். மனைவி பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் மூத்த உறுப்பினர்கள் இருவர், கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து, எந்த மருத்துவர் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

மாதக் கடைசியில் அவருக்குக் காதுக்கருவி வந்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு மனைவியோடு தேக்கத்துக்குப் போனபோது உலகம் முழுவதும் அவர்மேல் விழுந்தது. சட்டைத்துணி உரசியது, காய்ந்த இலை வெடித்தது, தன் செருப்பே தன்னைத் துரத்துவதுபோல் இருந்தது. மனைவி நோட்டுப்புத்தகத்தோடு கரையின் மறுபக்கம் போயிருந்தாள். ஆராய்ச்சிப் பெண் அவளை வாரம் இரண்டு நாள் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாள்.

சாம்பல்தலை ஒன்று அவருக்கு நேர் எதிரே வந்து தாவியது. அலகு திறந்தது. காதுக்குள் மிக மெலிதாக, உலோகம்போல ஏதோ கீறியது. அவர் மூச்சை நிறுத்திக் கேட்டார். மறுபடி கீறியது. குருவியா, கருவியா? அலகை உற்றுப் பார்ப்பதற்குள் அது இலைக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொரு நிமிடம் நின்று பார்த்தார், முடியவில்லை. கேட்டுவிடலாம் என்று மனைவி இருந்த பக்கமாக வேகமாக நடந்தார்.