பையில் அலறிய போன்கள்

கண்டி ஏரிக்கரையை விட்டு மேலேறும் தெருவொன்றில் இருந்த நிறுவனத்தில் கமலாசனிக்கு வேலை கிடைத்திருந்தது. இன்னும் சந்தைக்கு வராத கைத்தொலைபேசிகளைச் சோதிக்கும் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய அந்தப் போன்களில் பெயர் எதுவும் இருக்காது. முதுகில் இலக்கம் எழுதிய ஸ்டிக்கர் மட்டும். அவற்றை இயக்கும் மென்பொருளும் அரைவேக்காடுதான். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழையதைத் துடைத்துவிட்டு அதை ஏற்றி, அழைப்பு போகிறதா, செய்தி வருகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்து, பிழை கண்டால் எழுதி அனுப்புவாள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவள் அவள். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதால் ஊர் திரும்ப முடியாமல், கட்டுகஸ்தோட்டையில் றம்லத் என்ற விதவையின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். பிழையைச் சொன்னதற்காக யாரும் கோபிக்காத அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

2008இல், ஒரு நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் பின்னேரம்தான் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. விடுமுறை முடியுமுன் முடிவு வேண்டும் என்று வாடிக்கையாளர் எழுதியிருந்தார். முகாமையாளர் தியாகராஜா அவளைக் கூப்பிட்டு, போன்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலையை முடித்துவிடச் சொன்னார். அவை கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். அவள் அதை நினைவூட்டியபோது, தான் பொறுப்பு என்றார். அவர் கொழும்பில் வளர்ந்த தமிழர். அவளோடு தமிழில் பேசுவது அறைக்கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்தான்.

போன்களோடு அவள் வீடு திரும்பும் வழியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். அடிக்கடி எங்காவது குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். குண்டை வெடிக்கவைக்கப் போன் போதும் என்று ஊரெல்லாம் பேச்சு. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்ட சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். அவள் பையின் ஸிப்பில் கைவைக்குமுன்பே உள்ளே ஒரு போன் அலறியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து.

நிறுத்திவைத்த அலாரம் தானாக அடிப்பது போன்களில் இருந்த பழைய பதிப்பின் பிழை. அந்தக் கிழமைதான் அவள் அதை எழுதி அனுப்பியிருந்தாள். அதைத் திருத்திய பதிப்பைத்தான் வீட்டில் ஏற்ற இருந்தாள்.

குண்டென்று பயந்து சிப்பாய்கள் பின்னால் பாய்ந்தார்கள். வரிசை சிதறி ஓடியது. ஒருவன் அவளைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். அலாரம், வெறும் அலாரம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். வாய்க்குள் மண் போயிருந்ததால் அவள் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.

காவல் நிலையத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பெயரே இல்லாத போன் எந்தக் கடையில் விற்கிறது? நிறுவனம் கொடுத்ததென்றால் நிறுவனமே வந்து சொல்லட்டும் என்று தியாகராஜாவுக்கு ஆளனுப்பினார். அவர் உள்ளே வந்ததும் கமலாசனிக்கு மூச்சு வந்தது. அவரோ அவள் பக்கம் திரும்பவில்லை. போன்களை வெளியே கொண்டுபோகத் தான் சொல்லவில்லை, அனுமதியில்லாமல் எடுத்திருக்கிறாள், அவளுடைய சொந்த விஷயங்கள் எதுவும் தனக்குத் தெரியாது என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

"சேர், நீங்கள்தானே கொண்டுபோகச் சொன்னனீங்கள்" என்றாள் அவள், தமிழில்.

அவர் அதிகாரியைப் பார்த்து, இந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று தனக்கு விளங்கவில்லை என்றார். அதையும் சிங்களத்திலேயே சொன்னார்.

போன்கள் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போயின. அவளைத் தடுத்துவைத்தார்கள். ஒரு பொட்டலம் சோறும் மாற்றுடுப்பும் எடுத்துக்கொண்டு றம்லத் மட்டும் வந்துவந்து போனாள். அவளுக்காக வாக்குமூலம் கொடுக்க வேண்டாம், பிறகு நமக்கும் வில்லங்கம் என்று றம்லத்தின் சொந்தக்காரர் தடுத்தார்களாம். றம்லத் கேட்கவில்லை.

"எங்கட வூட்டுல இருக்கிற புள்ள. தெரியாதுண்டு எப்பிடி மகள் சொல்ற?" என்றாள், கம்பிக்கு அப்பால் நின்று.

வாரங்கள் கழித்து, போன்களில் ஒன்றுமில்லை என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. நீதவான் அவளை விடுவித்தார்.

அலுவலகத்துக்குப் போனபோது எல்லாரும் நிமிராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன்கள் அவளுக்கு முன்னமே வந்து அவளுடைய மேசையில் அடுக்கிக் கிடந்தன. தியாகராஜா அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நானும் தமிழன்தானே, கமலாசனி. என்னையும் பிடிச்சு உள்ளே போட்டிருந்தால் உமக்கு என்ன வந்திருக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவர், புதிய பதிப்பொன்று வந்து கிடக்கிறது, ஏற்றுவதற்கு ஆளில்லை, அவளுடைய வேலை அப்படியே இருக்கிறது, இன்றைக்கே தொடங்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கதிரையை இழுத்து இருக்கவும் சொன்னார்.

கமலாசனி போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"கொண்டுபோகச் சொன்னது நான்தான் எண்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ சேர். சொன்னால் நான் இருந்து ஏத்தித் தாறன்."

அவர் எழுந்து வந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவை மெல்லச் சாத்தினார். அவள் மறுபடி திறந்துகொண்டு வெளியே நடந்தாள். போன்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு கண்டியில் ஏறி இறங்கிய இடமெல்லாம் பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள். கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள், கூப்பிடவில்லை. கடைசியில் வத்தேகமவில் ஒரு கணினி வகுப்பில் தட்டச்சுப் பழக்கும் வேலை கிடைத்தது. தான் படித்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தெரிந்தே போனாள்.

மறியலில் அடைபட்டு இருந்ததை அவள் அம்மாவுக்குச் சொல்லவில்லை. வேலை மாறிவிட்டேன் என்று மட்டும் தொலைபேசியில் சொன்னாள். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"நல்ல இடமெண்டு சொன்னியே பிள்ளை. மேலதிகாரியும் எங்கட தமிழ் ஆளெண்டாய்."

"ஓம் அம்மா, தமிழ் ஆள்தான்" என்றாள் கமலாசனி. பிறகு அப்பாவின் கால்நோவு எப்படி என்று கேட்டாள்.