வாத்துப் பட்டம்

தேவாரத்தில் போய் வீரணன் என்று விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. வாத்து வீரணன் என்று கேளுங்கள், பஸ் ஸ்டாண்டில் பூக் கட்டுகிற அம்மாகூட எழுந்து வந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போகும். சரி, உள்ளூரோடு நின்றிருந்தாலாவது தொலைகிறது என்று விடலாம். பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறி நெடுங்கண்டம் மார்க்கெட்டுக்குப் போனால், அங்கே மலையாளத்துக் கடைக்காரன் "தாராவே, இன்னு லேட்டாயல்லோ" என்று பல்லைக் காட்டுகிறான். தாராவு என்றால் அவர்கள் பாஷையில் வாத்து. செக்போஸ்டில் ஒரு கூடைத் தக்காளிக்கு ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்கிறார்கள். இந்தப் பாழாய்ப்போன பேர் மட்டும் கேட்பாரில்லாமல் கேரளாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பேர் வைத்த புண்ணியவான் சூரியபிரகாஷ். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஊரில் முதன்முதலாகக் கேபிள் வந்தது அவன் வீட்டுக்குத்தான். அமெரிக்காக்காரன் போடுகிற குஸ்தியைப் பார்க்க எட்டாம் வகுப்புப் பையன்கள் பூராவும் அந்த வீட்டுத் தரையில் கிடப்பார்கள், பிரகாஷ் மட்டும் கட்டிலில் சாய்ந்திருப்பான். நிஜச் சண்டை என்றுதான் அத்தனை பேரும் நம்பினார்கள். ஆளுக்கொரு வீரனைப் பிரித்துக்கொள்வது என்று ஒரு நாள் முடிவானது. டிவி யார் வீட்டில் இருக்கிறதோ அவன்தானே பிரிப்பான்? தனக்கு டைனமோவை எடுத்துக்கொண்டான். டைனமோ என்றால் சாம்பியன், வலது கையைக் கிறுகிறுவென்று சுழற்றி ஒரு குத்து விட்டால் எதிராளி எழுந்திருக்க மாட்டான். மாரிசெல்வத்துக்கு ஐஸ்மேன். ராயப்பன்பட்டியிலிருந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஸ்டீவனுக்கு ரெட் மாஸ்க்.

வீரணனுக்கு டக்கி. மஞ்சள் ஜட்டி போட்டுக்கொண்டு, இரண்டு முழங்கையையும் படபடவென்று அடித்துக்கொண்டு, குவாக் குவாக் என்று கத்தியபடி வந்து, வந்த வேகத்தில் உதை வாங்கிப் போகிறவன். அந்தக் குஸ்திக் கம்பெனியில் ஆளுக்கா பஞ்சம்? நல்ல வீரன் இன்னும் எத்தனையோ பேர் மிச்சம் இருந்தார்கள். ஆனால் அன்று காலையில்தான் பள்ளிக்கூட மைதானத்தில் வீரணன் நிஜமாகவே பிரகாஷைத் தூக்கிப் போட்டு மண்ணைக் கவ்வ வைத்திருந்தான், பெண் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க. அந்தக் கடுப்பைச் சாயங்காலம் தீர்த்துக்கொண்டான் பிரகாஷ்.

சட்டமும் அவன் போட்டதுதான். அவரவர் ஆளின் பேர்தான் அவரவர் பேர். எவன் ஆள் எவன் ஆளைச் சாய்க்கிறானோ, ஜெயித்தவன் தோற்றவன் பேரை எடுத்துக்கொண்டு தன் பேரை அவன் தலையில் கட்டிவிடலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. மாட்டுக்கொட்டத்தில் சூடம் ஏற்றி, கருப்பன் பேரைச் சொல்லி, நான்கு பேரும் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். வாத்து எந்தக் காலத்தில் டைனமோவைச் சாய்க்கப் போகிறது? பிரகாஷுக்கு அது தெரியும். அதனால்தான் அத்தனை தாராளமாகச் சட்டம் போட்டான், களவாணிப் பயல்.

பேர் மற்றவர்களுக்கு நாளடைவில் உதிர்ந்துபோனது. மாரிசெல்வம் உரக்கடை வைத்ததும் ஐஸ்மேனை ஊர் மறந்துவிட்டது. ஸ்டீவன் வாத்தியார் ஆனதும் சார் ஆகிவிட்டான். பிரகாஷ் மட்டும் பிளெக்ஸ் கடை போட்டு, டைனமோ டிஜிட்டல்ஸ் என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்தான். வாத்து மட்டும் வீரணனை விடவே இல்லை. விட்டால்தானே? எவன் மறந்தாலும் பிரகாஷ் எடுத்துக் கொடுப்பான். வீரணன் மகளைக்கூடப் பள்ளிக்கூடத்தில் வாத்து மகள் என்றே கூப்பிட்டார்கள்.

சிரித்துச் சிரித்துத்தான் வீரணனும் காலத்தை ஓட்டினான். போன வருஷம் கடமலைக்குண்டிலிருந்து மகள் திரிஷாவைக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், பையன் மின்வாரியத்தில் வேலை. ஊரில் விசாரித்துவிட்டுப் போனவர்கள் புரோக்கரிடம் ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுடைய அப்பாவை ஊரே வாத்து என்கிறது, கொஞ்சம் புத்தி மந்தமோ என்னமோ, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் அது வந்துவிட்டால் யார் பார்ப்பது?

திரிஷா அன்றைக்குச் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்டாட்டி முத்துப்பேச்சிதான் கிழித்துத் தோரணம் கட்டினாள்.

"ஒங்க சேக்காளிக ஒங்களக் கேனயனாக்கி வச்சிருக்காக. நீங்களும் ஈன்னு இளிச்சுக்கிட்டு அங்கனயே போயி உக்காருறீக. எம்மக வாழ்க்கையில மண்ணு விழுந்துருச்சே, இப்பவாச்சும் ரோசம் வருதா?"

வந்தது. பிரகாஷை என்றைக்காவது ஒரு நாள் நாலு பேர் முன்னால் நிறுத்தி அழவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டான்.

இப்போது கூடலூரில் இன்னொரு இடம் கூடிவந்து, வைகாசிக் கடைசியில் கல்யாணம் என்று முடிவானது. இந்தப் பக்கத்தில் மேளம் இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், சேக்காளிகள் வைக்கிற பிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. கூலிங்கிளாஸ் போட்ட தங்கள் படமும் படத்துக்குக் கீழே பட்டப்பேருமாக, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற பஸ் ஸ்டாண்டிலேயே கட்டுவார்கள். பிரகாஷ் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்ததைக் கூப்பிட்டுக் காட்டினான். 'வாத்து வீரணன் இல்லத் திருமண விழா' என்று கொட்டை எழுத்து. வீரணன் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஓர் அலகு.

"பிரகாசு, இது வேணாம்டா. சம்பந்தகாரக பாத்தா நல்லாருக்காது. போன தடவ என்ன ஆச்சுன்னு ஒனக்கே தெரியும்."

"அட போடா, ஜாலிக்குத்தான? வாத்த எடுத்துட்டா ஒன்னைய எவனுக்குத் தெரியும்?"

"எம்புள்ள வாழ்க்கைடா."

"சூடம் அணச்ச சத்தியம் மாப்ள. ஒன் ஆளு என் ஆளச் சாய்க்கட்டும், எங்கையாலயே எடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு மவுஸை உருட்டி அலகை இன்னும் கொஞ்சம் நீளமாக்கினான் பிரகாஷ். ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று வீரணனுக்குக் கை துறுதுறுத்தது. கல்யாணம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு திங்கட்கிழமை காலை. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி நடக்கிற பெரிய ஆட்டம் இங்கே அப்போதுதான் வரும். கம்பெனிக்காரன் பழைய ஆட்களையெல்லாம் மொத்தமாக ரிங்கில் இறக்கி, மேல் கயிற்றுக்கு வெளியே ஒருத்தரை ஒருத்தர் எறிகிற போட்டி வைத்திருந்தான். பிளெக்ஸ் கடை மாடியில் நான்கு பேரும் கூடினார்கள். வீரணன் போகவேண்டாம் என்றுதான் இருந்தான். டக்கியும் வருகிறான் என்று மாரிசெல்வம் போனில் சொன்னதும் கால் நிற்கவில்லை.

"அங்க பாரு, ஐஸ்மேன்! இவென் இன்னுமா இருக்கான்?" என்று மாரிசெல்வம் தன் ஆளைப் பார்த்தே வாயைப் பிளந்தான். "தொப்பையப் பாருலே, பெல்ட்டுக்கு மேல வழியுது."

"கம்பெனிக்காரனுக்குக் கிறுக்கு" என்றான் ஸ்டீவன். "புதுப்பயலுக நூறு பேரு ரிங்கு ஏற வழியில்லாம பெஞ்சத் தேய்க்கிறானுக. இவனுகளயும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்குறாக. சத்திரம் மாதிரி எல்லாத்துக்கும் எலையப் போட்டா எப்படி? ரெட் மாஸ்க் முன்னெல்லாம் மேல் கயித்துலருந்து பறந்து வருவான். இப்பப் படி ஏறவே ரெண்டு பேரு பிடிக்கிறாக."

"அந்தக் கூண்டுச் சண்டை ஞாபகம் இருக்கா? டைனமோ ஐஸ்மேன் மண்டைய ஒடச்சானே!" பிரகாஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "செல்வம் அழுதுக்கிட்டு மறுநாள் பள்ளிக்கூடமே வரல. அது ஆட்டம்! அவென் ஆம்பள!"

எல்லோரும் சிரித்தார்கள், வீரணனும்தான். அந்தச் சண்டையை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும் அவனுக்கு. பிடித்துத் தொலைத்ததால்தானே இத்தனை வருஷம் இந்தப் பயல்களோடு கிடந்து சீரழிந்தான்.

டைனமோ வந்தான். தலை வழுக்கை, இரண்டு முழங்காலிலும் பட்டை. வலது கையைச் சுழற்றப் பார்த்தான், தோளுக்கு மேல் ஏறவில்லை. அப்படியும் பிரகாஷ் எழுந்து நின்று விசில் அடித்தான். கடைசியாக டக்கி வந்தான். மஞ்சள் ஜட்டி, நரைத்த நெஞ்சு. முழங்கையைப் படபடத்தான். "ஏலே வாத்து, ஒங்கண்ணன் வந்துட்டான்" என்று பிரகாஷ் வீரணன் தொடையில் தட்டினான்.

கிழவர்கள் ஒவ்வொருவராக வெளியே விழுந்தார்கள். ஐஸ்மேன் மூச்சு வாங்கித் தானாகவே கயிற்றைத் தாண்டிப் போனான் என்றுதான் சொல்லவேண்டும். டக்கி ஒரு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனை ஓர் ஆளாகவே எவனும் மதிக்கவில்லை, யார் போய்த் தூக்கி எறிவது? எல்லோரும் போன பிறகு டைனமோ மட்டும் நடுவில் நின்றான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கயிற்றில் சாய்ந்து கூட்டத்துக்கு நெஞ்சைக் காட்டினான். டக்கி எழுந்தான். பின்னால் வந்து குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே தூக்கு. சாம்பியன் தலைகீழாகக் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பொத்தென்று விழுந்தான். அமெரிக்காவே எழுந்து நின்று சிரித்தது.

மாடியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"பேர எடு" என்றான் வீரணன்.

"என்னடா?"

"ஒன் ஆளு சாஞ்சுட்டான். பேர எடு."

பிரகாஷ் டிவியை அணைத்தான். "லூசாடா நீ? இது பூராம் நாடகம். எவன் எப்ப விழணும்னு எழுதி வச்சு ஆடுறானுக. சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நாடகத்த வச்சுக்கிட்டுப் பேர மாத்துங்குற?"

வீரணன் எழுந்தான். இத்தனை வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"அப்ப அன்னைக்கு? டக்கி தோத்தது மட்டும் நெசமா? அதையும் எவனோ எழுதித்தான வச்சான்? நாடகத்துல எவனோ தோத்ததுக்கு என்னைய வாத்துன்னீக. எம்மகள மந்தபுத்திக்காரன் மகன்னு வந்தவக எந்திரிச்சுப் போனாக. ஒன் ஆளு ஜெயிச்சா சண்டை, என் ஆளு ஜெயிச்சா நாடகமா? சொல்லுடா! வாயத் தொறந்து சொல்லு!"

பிரகாஷ் மற்ற இரண்டு பேரையும் பார்த்தான். எப்போதும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர்கள், இப்போது ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்று நினைத்தான் போல. மாரிசெல்வம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சூடம் அணச்சிருக்கோம் மாப்ள. கருப்பன் பேரச் சொல்லி. நீதான் அணைக்கச் சொன்ன."

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், நானே கைய வச்சேன்" என்றான் ஸ்டீவன். "கொப்புளம் வந்து எங்கத்தைகிட்ட அடி வாங்குனேன். அந்த அடி நாடகமில்ல."

கருப்பன் பேரைக் கேட்டதும் பிரகாஷுக்குச் சுருதி இறங்கிவிட்டது. கடைக்கு அமாவாசை தவறாமல் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறவன், சூடத்துச் சத்தியத்தைத் தாண்ட அவனுக்குத் தைரியம் ஏது? கீழே இறங்கிப் போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். மூன்று பேரும் பின்னாலேயே போய் நின்றார்கள். அலகு போனது. வாத்து போனது. வீரணன் இல்லத் திருமண விழா என்று திரையில் வந்தது.

"போதுமா? டைனமோவையும் நீயே வச்சுக்க" என்றான் பிரகாஷ்.

"ஒன் டைனமோ எனக்கெதுக்கு? கையத் தூக்க முடியாத கெழவன் பேரு. எங்கப்பன் வச்ச பேரு போதும் எனக்கு. வாத்த மட்டும் நீ எடுத்துக்க. கீழ ஒன் படம் இருக்குல்ல? கூலிங்கிளாஸ் போட்டு? அதுக்கடியில அடி. வாத்து பிரகாஷ்."

"டேய் வீரணா."

அவன் வாயில் அந்தப் பேர் மொட்டையாக வந்தது அன்றைக்குத்தான். வீரணனுக்கு அது தேனாக இனித்தது.

"பஸ் ஸ்டாண்டுல கட்டுறதுடா. வர்த்தகர் சங்கத் தேர்தல்ல நிக்கிறேன். ஊரே சிரிக்கும்டா. ஒன் பேரத்தான் எடுத்துட்டேன்ல, விட்டுருடா."

"சத்தியம் பாதிதான் செஞ்சியா? அடி."

பிரகாஷ் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றான் வீரணன். அந்த நேரம் பார்த்து, யூனிபார்மும் புத்தகப்பையுமாக பிரகாஷின் மகள் சிம்ரன் கடைக்குள் வந்தாள். பத்தாவது படிக்கிறாள்.

"வாத்து மாமா! திரிஷாக்கா கல்யாணத்துக்கு நான் தாவணி கட்டப்போறேன், தெரியுமா?"

அந்தப் பிள்ளை மேல் என்ன குற்றம்? அப்பன் சொல்லிக் கொடுத்த பேர், பாசமாகத்தான் கூப்பிடுகிறது.

"கட்டு தாயி, நல்லாருக்கும்" என்றான் வீரணன். "ஆனா வாத்து நான் இல்ல. இன்னைலருந்து பேரு மாறிருச்சு. யாருன்னு ஒங்கப்பனக் கேளு."

சிம்ரன் திரையைப் படித்தாள். களுக்கென்று சிரித்தாள். "ஐய்யய்யே, வாத்து பிரகாஷாப்பா நீ?" அடக்கமாட்டாமல் சிரித்தவள், அது எங்கே கட்டப்போகிற பிளெக்ஸ் என்று நினைவு வந்ததும் சட்டென்று நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூராவும் பஸ் ஏறுகிற இடம் அது.

"அப்ப கிளாஸ்ல என்னைய என்னன்னுப்பா கூப்பிடுவாக?"

மாரிசெல்வம் வீரணன் கையை மெல்லப் பிடித்து, "போதும் மாப்ள" என்றான். வீரணன் கையை உதறினான். அந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்குத் தெரியும், திரிஷா எல்.கே.ஜி.யிலிருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் கேட்ட பதில்தான். ஆனால் அவன் சொல்லவில்லை. இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெற்ற மகளிடம் பிரகாஷ் அதைத் தன் வாயால் சொல்லிக் கேட்கவேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.

"புள்ள கேக்குதுல்ல, சொல்லுப்பா" என்றான்.